மேடுபள்ளத் தரை

அக்டோபர் 8, 2024, செவ்வாய்

வியன்னாவுக்கு வந்து மூன்றாவது நாள். மத்தியானத்துக்கு மேல் அக்காவும் நானும் டிராம் பிடித்து ஹுண்டர்ட்வாசர் ஹவுஸ் பார்க்கப் போனோம். 1985-ல் கட்டி முடித்த மாநகராட்சி வாடகைக் குடியிருப்பு அது. உள்ளே ஆட்கள் வசிப்பதால் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், ஜன்னல்கள் ஆளுக்கொரு அளவு. சில ஜன்னல்களிலிருந்து மரம் வளர்ந்து வெளியே எட்டிப் பார்க்கிறது. அந்த மரங்களுக்கு 'மரக் குடித்தனக்காரர்' என்று பெயர் வைத்தார், இந்தக் கட்டடத்தைக் கற்பனை செய்த ஓவியர் ஹுண்டர்ட்வாசர். பிராணவாயுவும் நிழலும்தான் அவை தரும் வாடகையாம்.

அவர் கேட்ட 'ஜன்னல் உரிமை' எனக்கு இன்னும் பிடித்தது. குடியிருப்பவர் தன் ஜன்னல் வழியே சாய்ந்து, கை எட்டும் தூரம் வரை வெளிச்சுவரைத் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான் என்று தெருவில் போகிறவருக்குத் தெரிய வேண்டும். எட்டு வருஷம் நான் இருந்த வாடகை வீட்டில் அப்பா படத்தை மாட்ட ஓர் ஆணி அடிக்க விடவில்லை. கடைசி வரை அந்தப் படம் அலமாரி மேல்தான் சாய்ந்து நின்றது. ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 9, புதன்

இன்று குன்ஸ்ட் ஹவுஸ் வீன். நேற்றுப் பார்த்த குடியிருப்பிலிருந்து நடக்கிற தூரம்தான். பழைய தோனெட் நாற்காலித் தொழிற்சாலையை ஹுண்டர்ட்வாசரே மாற்றி வடிவமைக்க, 1991-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பீச் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து நாற்காலி செய்து பேர் வாங்கிய கம்பெனி தோனெட். நேர்கோட்டை வெறுத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

உள்ளே போனதும் முதலில் கால்தான் பார்க்கிறது. தரை சமமாக இல்லை. கல் பாவிய தரை மெல்ல மேடாகி, இரண்டடி தள்ளி இறங்கி, தூண் பக்கத்தில் மறுபடி எழும்புகிறது. சமமில்லாத தரை கால்களுக்கு ஒரு ராகம் என்பது அவர் எண்ணம். அக்காவுக்கு மூட்டுவலி. "டேய், கையைப் பிடிச்சுக்கோ" என்றாள். இரண்டு அறை தாண்டியதும் அவளே கையை விட்டுவிட்டாள். "ஆத்து மணல்ல நடக்கிற மாதிரி இருக்குடா. செருப்பைக் கழட்டிட்டு நடக்கலாம் போல." அப்புறம் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

அவருடைய ஓவியங்களில் சுருள் சுருளாகக் கோடுகள். ஒரு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். சிவப்புச் சுருளுக்குள் பச்சை, அதற்குள் நீலம், நடுவில் நகக்கண் அளவுக்கு வெள்ளித்தாள். பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தத் துண்டு மட்டும் மின்னி அணைகிறது. கோடு எதுவும் ஒரே தடிமனில் போகவில்லை. செடி வளர்கிற மாதிரி நிதானமாக வளர்ந்திருக்கிறது. புல் முளைத்த கூரைகளோடு கட்டட மாதிரிகளும் இருக்கின்றன. அவற்றைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டோம்.

ஹுண்டர்ட்வாசர் 1928-ல் இதே ஊரில் பிறந்தவர். இயற்பெயர் ஃப்ரீட்ரிக் ஸ்டோவாசர். ஸ்லாவிய மொழிகளில் 'ஸ்டோ' என்றால் நூறு. அதை ஜெர்மனாக்கி ஹுண்டர்ட்வாசர், அதாவது நூறு தண்ணீர் என்று வைத்துக்கொண்டார். ஒரு வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா யூதர். அம்மா வழிச் சொந்தத்தில் 69 பேரை நாஜிகள் கொன்றார்கள். அம்மாவும் பையனும் எப்படியோ தப்பினார்கள். நேர்கோடு கடவுளற்றது என்று அவர் சொன்னதை இதுவரை கலைஞரின் பிடிவாதமாகத்தான் நினைத்திருந்தேன். வரிசை வரிசையாக ஆட்களை நிறுத்திய ஊரில் வளர்ந்த பையனுக்கு ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு எப்படித் தெரிந்திருக்கும் என்று இன்றுதான் யோசித்தேன். இது என் ஊகம். ஆனாலும் மனசை விட்டுப் போகவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

காலையிலிருந்து மழை. மழை நாளில்தான் நிறங்கள் ஒளிரும் என்பார் அவர். 'ரேகென்டாக்', அதாவது மழைநாள், என்பதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். தன் கப்பலுக்கும் அதே பெயர் வைத்தார். 2000 பிப்ரவரியில் பசிபிக் கடலில், வேறொரு கப்பலில் போகும்போதுதான் உயிர் போனது. நியூசிலாந்தில் அவருக்குச் சொந்தமான நிலத்தில், சவப்பெட்டி இல்லாமல், ஒரு துலிப் மரத்தடியில் புதைத்தார்கள்.

சரி, அவர் சொன்னதைப் பார்த்துவிடுவோம் என்று குடையை எடுத்தேன். "நானும் வர்றேன் இரு" என்று அக்கா ஷூ மாட்டினாள். குன்ஸ்ட் ஹவுஸுக்கு எதிர்ச்சாரியில் நின்றோம். நேற்று மங்கலாக இருந்த கறுப்பு ஓடுகள் நனைந்து மை மாதிரி இருந்தன. வெள்ளைக் கட்டங்களில் தண்ணீர் வழிந்தது. பீங்கான் தூணின் நீலத்தை நேற்று நான் கவனிக்கவே இல்லை. இன்று தெருவிலேயே முதலில் தெரிந்தது அதுதான்.

அக்கா குடையை மடக்கிவிட்டாள். "சளி பிடிக்கும்க்கா" என்றேன். "பிடிக்கட்டும்" என்றாள்.