மழலையர் ஆசிரியர் பயிற்சியும் சுவரோரச் சிலந்தியும்

மழலையர் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெறுவோரிடம் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு கவலை எழுகிறது. சிங்கத்தையும் பென்குயினையும் பற்றிச் சரளமாகச் சொல்லும் அவர்களில் பலருக்கு, சுவரோரம் வலை பின்னியிருக்கும் சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததல்ல என்பதோ, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பறக்கும் தட்டான் தன் இளம்பருவத்தைத் தண்ணீருக்குள்தான் கழித்தது என்பதோ தெரிந்திருப்பதில்லை. 2002ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், எட்டு வயது பிரிட்டன் குழந்தைகள் போக்கிமான் என்னும் கார்ட்டூன் விளையாட்டின் பாத்திரங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடையாளம் காட்டினர். தம் நாட்டின் சாதாரண உயிரினங்களில் ஏறத்தாழப் பாதியைத்தான் அவர்களால் சொல்ல முடிந்தது. நினைவாற்றல் குறைவில்லை, காட்டித்தர ஆளில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். அந்தக் குழந்தைகள் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களிலும் ஆசிரியர்கள் இருப்பார்கள்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தை பாடத்திட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதில்லை. காலடியில் எது ஊர்கிறதோ அதைப் பற்றித்தான் கேட்கும். அந்த நேரத்தில் ஆசிரியரின் முகம் சுளித்தால், அதுவே அன்றைய பாடமாகிவிடும். எலுமிச்சைச் செடியில் வளரும் ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் புழுவை எடுத்துக்கொள்வோம். பொரித்து வெளிவந்த சில நாட்களுக்கு அது கருமையும் வெண்மையும் கலந்து, இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே கிடக்கும். கடைசி முறை தோலுரித்ததும் இலையோடு இலையாகப் பச்சை நிறம் கொள்ளும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற சிவந்த உறுப்பொன்று நீண்டு, காட்டமான நெடி வீசும். இதை ஒருமுறை நேரில் பார்த்த ஆசிரியர், அரிக்கப்பட்ட இலையைக் கண்டதும் பிள்ளைகளைக் கூப்பிடுவார். பார்க்காதவர் செடிக்கு மருந்தடிக்கச் சொல்வார். மென்மையான இந்தப் புழுவுக்கும், பட்டாலே தோலில் அரிப்பை உண்டாக்கும் கம்பளிப்புழுவுக்கும் வேறுபாடு தெரிவது பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் தேவை.

செடிகொடிகளின் நிலை இன்னும் மோசம். அமெரிக்கத் தாவரவியல் கல்வியாளர்களான ஜேம்ஸ் வாண்டர்சீயும் எலிசபெத் ஷூஸ்லரும் 1990களின் இறுதியிலேயே சுட்டிக்காட்டியதுபோல, கண்ணெதிரே நிற்கும் தாவரம் பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை.

பயிற்சி மாணவர்கள் நூற்றுக்கணக்கான பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தாம் பயிலும் இடத்திலேயே ஒரு மரத்தையும் அதை நாடி வரும் பறவைகளையும் பூச்சிகளையும் ஓராண்டு முழுவதும் கவனித்து, எப்போது துளிர்த்தது, எப்போது காய்த்தது, எது எதைத் தின்றது என்று தம் கையால் எழுதிவரட்டும். பெயர் தெரியாதபோது படமெடுத்துப் பார்க்க ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் இருக்கின்றன. கற்பித்தல் கருவிகள் செய்வதற்கு மதிப்பெண் வழங்கும் பயிற்சி நிறுவனங்கள் அந்தக் குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் வழங்கலாம். அதற்குப் புதிய கட்டடமோ ஆய்வகமோ தேவையில்லை, கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.