நீதி கேட்டு அலைகிறவர்களுக்கும் மனம் ஆறவேண்டும்

மட்டக்களப்பில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் சாட்சியம் பதிவுசெய்கிற எங்களில் பலர் அந்தக் குடும்பங்களிலிருந்தே வந்தவர்கள். சுவரில் இருக்கிற படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்ற கேள்வி எதிரே இருந்து கதை சொல்லும் அம்மாவின் வீட்டில் மட்டும் இல்லை, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. என் மாமா 1990 இல் போனவர். அந்த வருசம் செப்டம்பர் 5 இல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, நாலு நாளில் சத்துருக்கொண்டான் படுகொலை நடந்தது. மாமா இந்த இரண்டிலும் இல்லை, வீதியில் வைத்துப் பிடிபட்டவர், அதனால் அவருக்கு நினைவுநாள்கூடக் கிடையாது.

இப்படி ஒரு ஆள் படிவத்தோடு போய் "கடைசியாகப் போகும்போது என்ன உடுப்பு அம்மா?" என்று கேட்கும்போது, கேட்கிறவருக்கும் உள்ளே எதுவோ அசையும். அசையாத மாதிரி இருந்து பழகிவிட்டால் இன்னும் மோசம். அழுகை வரப்போகிற இடம் தெரிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவத் தோன்றும், ஆனால் யார் பிடித்தார்கள், எந்த முகாம், யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் அந்த அழுகைக்குப் பிறகுதான் வெளியே வரும். தன் துக்கத்தோடு கொஞ்சமாவது இருந்து பழகினவரால்தான் அந்த இடத்தில் பொறுத்திருக்க முடியும். அதனால் எங்கள் மனம் ஆறுவதை நான் சொகுசு என்று நினைக்கவில்லை, சாட்சியத்தின் தரத்தோடு சம்பந்தப்பட்ட விசயம் இது.

ஆனால் ஒன்று. "நடந்தது நடந்து போச்சு, மனசை ஆத்திக்கொள்ளுங்க" என்று அதிகாரிகள் சொல்லிச் சொல்லியே இந்தப் பேச்சு எங்கள் அம்மாமாருக்குக் கசந்துவிட்டது. அரசின் காணாமல்போனோர் அலுவலகம் 2018 இல் வேலை தொடங்கியபோதும் அம்மாமார் கேட்டது பிள்ளைகள் எங்கே என்றுதான். கோபம் நியாயமானது. நம் ஊர்க் கண்ணகி கோயில்களில், செட்டிபாளையமோ தம்பிலுவிலோ, வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடக்கிறதே, அங்கேயும் பாண்டியனிடம் நீதி கேட்டு மதுரையை எரித்து முடித்த பிறகுதான் அம்மனைக் குளிர வைக்கிறோம். நீதி முதலில், குளிர்ச்சி பிறகு. சரி, முப்பது வருசத்துக்கு மேலாக நீதியே வராத இடத்தில் என்ன செய்வது? அதுவரை எரிந்துகொண்டே இருக்கச் சொல்ல முடியுமா? வழக்கு நடத்தக்கூட உடம்பு வேண்டாமா?

எங்கள் இடத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை கோப்புகளை மூடிவிட்டு, உளவளத்துணை படித்த ஒரு அக்காவோடு இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு கதைப்போம், அது எந்த அறிக்கையிலும் போகாது. தன் சொந்த ஊர்ச் சம்பவத்தைப் பதிவுசெய்ய யாரையும் அனுப்புவதில்லை. மாமாவைப் பற்றி நான் முழுதாகச் சொன்னதும் அங்கேதான். அதற்குப் பிறகு ஒரு வயதான அம்மா கதையை நடுவில் நிறுத்தி, "உன்ட வீட்டிலயும் ஆரும் போனவையா மகள்?" என்று கேட்டபோது ஓம் என்று சொல்ல முடிந்தது. மறுகா அவர் சொன்னவை முந்தின எந்தப் படிவத்திலும் இல்லாதவை.

வாகனத்துக்கும் வேர்க்சொப் சாப்பாட்டுக்கும் காசு தருகிற டொனர்கள் இதற்குத் தருவதில்லை. இந்த முறை வரவுசெலவில் தனியாக ஒரு வரி போட்டோம். இதன் பலனை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டார்கள். வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலையே அனுப்பியிருக்கிறோம்.