பி.எம்.இ.ஜி.பி. கடன்: விண்ணப்பம் முதல் மானியம் கழியும் வரை

பி.எம்.இ.ஜி.பி. என்பது புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மானியத்தோடு வங்கிக் கடன் கிடைக்கச் செய்யும் மத்திய அரசுத் திட்டம். அதற்கு விண்ணப்பம் நிரப்ப வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கிற முதல் கேள்வி, "சப்சிடி பணம் எப்போங்க கைக்கு வரும்?" என்பதுதான். கைக்கு வரவே வராது என்று சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்கள் சமாளித்துவிடுகிறார்கள். தெரியாமல் இறங்குகிறவர்கள், வராத பணத்தை நம்பி வெளியில் கடன் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். பல விண்ணப்பங்களோடு கூடவே நடந்து பார்த்தவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்பதுதான் இதன் முழுப் பெயர்; 2008-இல் தொடங்கியது. கதர் கிராமத் தொழில் ஆணையம் நாடு முழுவதற்கும் பொறுப்பு. தமிழ்நாட்டில் நம்மவர்கள் அதிகம் போவது மாவட்ட தொழில் மையத்துக்கு, அதாவது டி.ஐ.சி.க்கு. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு, அதாவது தொழில் தொடங்க ஆகும் மொத்தச் செலவு, காட்டலாம். வருமான உச்சவரம்பு கிடையாது, 18 வயது நிரம்பியிருந்தால் போதும். உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேல், சேவையில் 5 லட்சத்துக்கு மேல் போனால் மட்டும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். 2022-இல் மாற்றியமைத்தபோது 2025-26 நிதியாண்டு வரை என்று நீட்டித்தார்கள். எனவே புதிதாகப் போகிறவர்கள் இப்போது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்பதை டி.ஐ.சி.யில் நேரில் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

கணக்கை ஒரு உதாரணத்தோடு பார்த்துவிடலாம். ஊராட்சிப் பகுதியில் ஒரு பெண் மசாலாப் பொடி அரைக்கும் யூனிட் போடுகிறார். மொத்தத் திட்டச் செலவு 4,00,000. பெண் என்பதால் சிறப்புப் பிரிவு. சொந்தப் பங்கு 5 சதவீதம், 20,000 ரூபாய். மீதி 3,80,000-ஐ வங்கி கடனாகக் கொடுக்கும். மானியம் திட்டச் செலவில் 35 சதவீதம், 1,40,000. இந்த 1,40,000 அவர் சேமிப்புக் கணக்குக்கு வராது. வங்கியிலேயே அவர் பெயரில் டி.டி.ஆர். என்ற வைப்பாக 3 வருஷம் கிடக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதேபோல் கடனில் அந்தத் தொகைக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. 3 வருஷம் முடிந்து, தொழில் நடப்பதை நேரில் வந்து சரிபார்த்த பிறகு கடனில் கழிப்பார்கள். ஆக, அவர் உண்மையில் அடைக்க வேண்டிய அசல் 2,40,000.

பொதுப் பிரிவு ஆண் என்றால் சொந்தப் பங்கு 10 சதவீதம். மானியம் ஊரகத்தில் 25, நகரத்தில் 15. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள், முன்னாள் ராணுவத்தினர் எல்லாரும் சிறப்புப் பிரிவில் வருவார்கள். அவர்களுக்கு ஊரகத்தில் 35, நகரத்தில் 25. முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்ட ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் தொடங்குகிற யூனிட்டுகளும் இந்தப் பிரிவில் சேரும்.

ஊரகம் எது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். சுற்றிலும் வயல், மாடு கட்டிய தொழுவம், எல்லாம் இருக்கும். ஆனால் ஊர் பேரூராட்சியில் இருக்கும். 2022-க்குப் பிறகு ஊராட்சி அமைப்புக்குள் வருவதே ஊரகம். பேரூராட்சி, நகராட்சி இரண்டும் நகரக் கணக்கு. 4 லட்சத் திட்டத்தில் இந்த ஒரு வித்தியாசம் 40,000 ரூபாய். யூனிட் எந்த எல்லைக்குள் அமைகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். இடம் வாடகைக்குப் பிடிக்கும் முன்பே வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் முழுக்க ஆன்லைன். கட்டணம் ஒரு பைசா கிடையாது. "நான் முடித்துத் தருகிறேன், மானியத்தில் இத்தனை சதவீதம் கொடு" என்று வருகிறவரை எந்த அலுவலகமும் நியமிக்கவில்லை. அவரிடம் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தவர்கள், விண்ணப்பத்தில் யாருடைய மொபைல் எண் போயிருக்கிறது என்றே தெரியாமல் பிறகு அலைகிறார்கள்.

நம் பக்கம் அடிக்கடி வருகிற சிக்கல், இனிஷியல். ஆதாரில் "செல்வி மு", பான் அட்டையில் அப்பா பெயரை முழுதாக விரித்து "செல்வி முருகன்", பள்ளிச் சான்றிதழில் "எம். செல்வி", கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வங்கிக் கணக்கில் கணவர் இனிஷியல். நான்கும் ஒரே ஆள்தான், ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் ஆதாரில் உள்ளபடியே பெயர் போட வேண்டும். ஆதாரையும் பானையும் முதலில் ஒன்றாக்குங்கள். பிறகு வங்கிக் கணக்கு. இதற்கே சில வாரம் போகும் என்பதால் மற்ற எதற்கும் முன்னால் இதைத் தொடங்குவது நல்லது.

அடுத்தது ப்ராஜெக்ட் ரிப்போர்ட். கடன் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்த நாலைந்து பக்கத்தில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் 500 ரூபாய்க்கு ஒரு ரிப்போர்ட் வாங்கிச் செருகிவிடுவார்கள். மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ஒரு கிலோ மிளகாய்த்தூள் போட எவ்வளவு வத்தல் வேணும்?" காம்பு, தூசு, அரைக்கும்போது சேதாரம் என்று தன் வாயால் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கேயே பாதி வேலை முடிந்தது. ரிப்போர்ட்டில் உள்ள எண் ஒன்றும் தன் வாயிலிருந்து வருவது வேறொன்றும் என்றால் கோப்பு அடியில் போய்விடும். யாரிடம் தட்டச்சு செய்தாலும் சரி, எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும்.

நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. வாடகைக் கட்டடம் என்றால் அதிகபட்சம் 3 வருஷ வாடகையைச் சேர்க்கலாம். இயந்திரம் எதுவும் இல்லாமல் வெறும் சரக்கு வாங்க மட்டும் பணம் கேட்டால் தகுதி இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற தொழிலுக்கும் இல்லை; புதிய யூனிட்டாக இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். வேறு அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே மானியம் வாங்கிய யூனிட்டுக்கும் கிடையாது. பீடி, மது, பயிர் சாகுபடி எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன.

இயந்திரம் விற்பவரிடம் கொட்டேஷனை, அதாவது விலைப்புள்ளியை, வாங்கியதும் கீழே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். "ஜி.எஸ்.டி. தனி, வண்டி வாடகை தனி" என்று இருந்தால், அந்தத் தொகையைச் சேர்க்காமல் திட்டச் செலவைப் போட்டுவிட்டு, கடன் வந்த பிறகு துண்டு விழுகிறதே என்று நிற்பார்கள். அரைக்கும் இயந்திரமான பல்வரைசருக்கு மூணு பேஸ் இணைப்பு வேண்டியிருக்கலாம். மின்வாரிய டெபாசிட், வயரிங், மோட்டாருக்கு அடித்தளம் போடும் கொத்தனார் கூலி ஆகியவற்றையும் ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். நாம் எடுத்துக்கொண்ட 4 லட்சத்தில் இயந்திரம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 2,70,000, ஒரு சுற்றுச் சரக்குக்கு 1,30,000 என்று பிரித்தால், வங்கி இரண்டு கணக்கு திறக்கும்: 2,56,500-க்கு டேர்ம் லோன் (தவணையில் அடைக்கும் கடன்), 1,23,500-க்கு சி.சி. (கேஷ் கிரெடிட்; வரம்புக்குள் எடுத்து எடுத்துக் கட்டும் கடன்).

அந்த சி.சி.யில் ஒரு விதி இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூன்று வருஷத்துக்குள் ஒரு தடவையாவது முழு வரம்பையும் தொட்டிருக்க வேண்டும். பயன்பாடு 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 1,23,500 என்றால் ஏறத்தாழ 92,600. கடன் என்றாலே பயந்து, எடுத்ததை உடனே திருப்பிக் கட்டிவிட்டுத் தொடாமல் வைத்திருக்கிற நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் அடிபடுகிறார்கள். பயன்படுத்தாத பங்குக்கு உரிய மானியம் திரும்பிப் போய்விடும்.

விண்ணப்பத்தில் இரண்டு வங்கிக் கிளைகளைக் குறிப்பிடலாம். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதைவிட, யூனிட் அமையும் இடம் எந்தக் கிளையின் எல்லையில் வருகிறதோ அதைப் போடுங்கள். அங்கே சேமிப்புக் கணக்கு தொடங்கி, சொந்தப் பங்குக்கான 20,000-ஐ ஆறேழு மாதம் சிறுகச் சிறுகப் போட்டு வந்தால், அந்த பாஸ்புக்கே உங்களைப் பற்றிப் பேசும். அந்த 20,000-ஐ வாரக்கடன் நிறுவனத்தில் வாங்கிக் கட்டாதீர்கள். நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் அது அப்படியே தெரியும்.

சிபில் அறிக்கையை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாக எடுக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பாருங்கள். அடைத்து முடித்த பழைய குழுக்கடன் இன்னும் பாக்கி என்று நிற்பதும், தவணையில் வாங்கிய போனுக்கு விட்டுப்போன 300 ரூபாய் நிலுவையாகத் தெரிவதும் சர்வசாதாரணம். நோ டியூ சான்று வாங்கிக் கொடுத்தால் திருத்திவிடுவார்கள், அதற்கும் ஒரு மாதம் பிடிக்கும்.

10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்குப் பதிலாக, கடன் வராமல் போனால் வங்கிக்கு ஈடு தரும் கடன் உத்தரவாத நிதியில் சேர்ப்பார்கள். அதன் ஆண்டுக் கட்டணம் உங்கள் கணக்கில் பிடிக்கப்படலாம். "பத்திரம் இருக்கா?" என்று கேட்டால் சண்டைக்குப் போக வேண்டாம். "உத்தரவாத நிதியில் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லில் "முடியாதும்மா" என்றால் அது நிராகரிப்பு ஆகாது; ஆன்லைனில் காரணம் பதிவாக வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. விண்ணப்பம் என்றால் கிளை மட்டத்திலேயே நிராகரிக்க முடியாது, மேல் அலுவலகம்தான் முடிவெடுக்க வேண்டும். இழுத்தடித்தால் டி.ஐ.சி.யில் சொல்லி, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். அதிலும் நகராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் விண்ணப்ப எண்ணோடு மனு.

சாங்ஷன் ஆன பிறகு தொழில்முனைவோர் பயிற்சி. திட்டச் செலவைப் பொறுத்துப் பயிற்சி நாட்கள் மாறும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் மானியக் கோரிக்கை நகராது. பிறகு சொந்தப் பங்கைக் கட்டுவீர்கள், இயந்திரத்துக்கான பணத்தை வங்கி நேராக விற்பனையாளருக்கு அனுப்பும். கொட்டேஷனில் இருந்த அதே மாடல், அதே நிறுவனத்தின் பில் வேண்டும். கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு கடையில் எடுத்தால் கோப்பு மறுபடி முதலிலிருந்து. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு, உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, இரண்டையும் இந்த இடைவெளியில் முடித்துவிடலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

கடன் முதல் தவணை வெளியான பிறகு வங்கிதான் மானியத்தைக் கோர வேண்டும். அதை மறந்துவிட்டால் உங்களுக்குத் தெரியவே வராது. எனவே வாரம் ஒரு தடவை கிளைக்குப் போய் "மார்ஜின் மணி க்ளெய்ம் போட்டாச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள்; இந்த மானியத்துக்கு வங்கியில் சொல்கிற பெயர்தான் மார்ஜின் மணி. மானியம் வந்ததும் டி.டி.ஆர். ரசீதின் நகலை வாங்கிவிட்டு, அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் வட்டியைப் பாருங்கள். வட்டி 11 சதவீதம், கடன் முழுவதும் நிலுவையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3,80,000-க்கு மாத வட்டி சுமார் 3,483. மானியத்தைக் கழித்த 2,40,000-க்கு 2,200. மாதம் 1,280 ரூபாய் வித்தியாசம், மூன்று வருஷம் ஓடினால் சின்னத் தொகை அல்ல. வட்டி குறையாமல் இருந்தால் டி.டி.ஆர். நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, ரசீது முத்திரை வாங்குங்கள். சில கிளைகளில் இது கைதவறி விடுபடுகிறது. கேட்டால் திருத்தித் தருகிறார்கள்.

மூன்றாம் வருஷம் முடிகிற நேரத்தில் நேரில் சரிபார்க்க வருவார்கள். திட்டத்தின் பெயரும் வங்கியின் பெயரும் போட்ட போர்டு வாசலில் இருக்க வேண்டும், கடனில் வாங்கிய இயந்திரம் அதே இடத்தில் ஓட வேண்டும். இடம் மாற்ற நேர்ந்தால் முன்கூட்டியே வங்கிக்கும் டி.ஐ.சி.க்கும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் கடையைப் பார்த்துவிட்டுப் போனால் மானியம் நின்றுவிடும். சரிபார்ப்பு முடிந்ததும், டி.டி.ஆர். தொகையைக் கடனில் வரவு வைக்கச் சொல்லி ஒரு கடிதம். வரவான பிறகு ஸ்டேட்மென்ட்டில் அந்த 1,40,000 எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கடன் முழுக்க அடைந்ததும் நோ டியூ சான்று. அதை வாங்கி பத்திரப்படுத்தி வைத்தால்தான், யூனிட்டைப் பெரிதாக்க இதே திட்டத்தில் 15 சதவீத மானியத்தோடு இரண்டாவது கடன் கேட்கப் போகும்போது கோப்பு தடையில்லாமல் போகும்.