முதுகில் டாட்டூ போடப் போகிறீர்களா? ஸ்டென்சிலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

முதுகுத்தண்டு நெடுகப் போட்ட டாட்டூ ஆறி, தோல் உரிந்து, இப்போதுதான் நிம்மதியாக மல்லாந்து படுக்க முடிகிறது. டாட்டூ மிக அழகாக வந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு ஸ்டூடியோவில் அட்வான்ஸைப் பறிகொடுத்து, முதுகெல்லாம் ஊதாக் கறையோடு வீடு திரும்பினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பெண்களுக்கான முதுகு டிசைன் என்று தேடினால் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அந்தப் படம் நம் முதுகில் எப்படி உட்காரும் என்றுதான் யாரும் சொல்வதில்லை.

முதலில் நான் ஆசைப்பட்டது நிலா வரிசை. பிடரிக்குக் கீழே சின்னப் பிறையில் ஆரம்பித்து, நடுமுதுகில் முழுநிலா, அப்புறம் தேய்ந்துகொண்டே போய் இடுப்புக்கு மேலே மறுபடி பிறை. போனில் படத்தைக் காட்டினேன். ஆர்டிஸ்ட் பார்த்தார், "பண்ணிடலாம் மேடம்" என்றார், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு தேதி கொடுத்தார். என் முதுகை அவர் பார்க்கவே இல்லை. முதுகைப் பார்க்காமல் முதுகு டாட்டூவுக்குத் தேதி கொடுப்பவர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள்.

குறித்த நாளில் போனால் அங்கே திரைச்சீலைகூட இல்லை. அடுத்த படுக்கையில் ஒருவருக்குக் கையில் வேலை நடந்துகொண்டிருக்க, நான் மேலாடையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுக்க வேண்டுமாம். கேட்டதற்கு "யாரும் பாக்க மாட்டாங்க மேடம்" என்றார். நல்லவேளை, முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள சட்டை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதை முன்பின்னாக மாட்டி, பட்டன்களை முதுகுப் பக்கம் திறந்துவிட்டால் மார்பு முழுக்க மூடியிருக்கும், முதுகு மட்டும் திறந்திருக்கும். இதை எல்லாப் பெண்களும் செய்யலாம். கூடவே ஒரு தோழியையும் அழைத்துப் போங்கள். தனி அறையோ தடுப்போ கேட்பது நம் உரிமை. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் இடத்தில் மற்ற விஷயங்களிலும் மரியாதை இருக்காது.

அப்புறம் ஸ்டென்சில், அதாவது ஊசி ஓட வேண்டிய கோடுகளைத் தோலில் ஊதா நிறத்தில் பதிக்கும் தாள். குப்புறப் படுத்திருந்தபடியே தாளை ஒட்டி எடுத்தார். எழுந்து நின்று இன்னொருவரைப் போட்டோ எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். மேலே இருந்த பிறைகள் நேராக இருந்தன. நடுமுதுகிலிருந்து வரிசை இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. காரணம் எளிது. குப்புறப் படுத்துக் கையை முன்னால் தொங்கவிடும்போது தோள்பட்டை எலும்புகள் விலகுகின்றன, தோலும் இழுபடுகிறது. எழுந்து கையைக் கீழே போட்டதும் தோல் தன் இடத்துக்குத் திரும்பிவிடும், கோடு வளைந்துவிடும். அதனால் முதுகுக்கு ஸ்டென்சில் ஒட்டும்போது நிற்க வேண்டும். தோளைத் தளர்த்தி, கையைத் தொங்கவிட்டு, நேராகப் பார்த்தபடி நிற்க வேண்டும். குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்துக்குக் கீழே இருக்கும் தோல் நீண்டுவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம், முழுநிலா என் மச்சத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சொன்னதும் "மறைஞ்சிடும், நல்லதுதானே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சத்தின் நிறமும் ஓரமும் அளவும் மாறுவதை வைத்துத் தோல் புற்றுநோயைச் சீக்கிரம் சந்தேகிக்க முடியும். அதன் மேல் மையைக் குத்திவிட்டால் எதையும் பார்க்க முடியாது. மச்சத்தைச் சுற்றி இடம் விட்டுப் போட வேண்டும் என்பது தோல் மருத்துவர்கள் எப்போதும் சொல்வது. முதுகு நம் கண்ணுக்குப் படாத இடம் வேறு.

ஸ்டென்சிலை அழித்துவிட்டு நிற்க வைத்து ஒட்டுங்கள் என்றேன். "போட்டு முடிச்சா நேராத் தெரியும்" என்றார். மறுபடி கேட்டபோது அடுத்தவருக்கு நேரமாகிறது என்றார். ஸ்டென்சில் என்பது ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும் சமாச்சாரம். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒட்டலாம், போவது ஒரு தாள்தான். அந்தத் தாளுக்கு மனமில்லாதவரிடம் முதுகைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டேன். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது என் சம்பளக் காசு. ஆனால் கோணல் டாட்டூவை லேசரில் அழிப்பதென்றால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் போக வேண்டும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் வெளியே வந்ததுதான் லாபம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு டிசைனையே மறுபடி யோசித்தேன். நேர்கோட்டில் அடுக்கிய நிலா, நடுவில் வட்டமான மண்டலா, இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறக்கைகள் எல்லாம் படத்தில் பிரமாதமாக இருக்கும். நிஜ முதுகு அப்படிச் சமமாக இருப்பதில்லை. ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும், முதுகுத்தண்டு லேசாக ஒரு பக்கம் வளைந்திருக்கும். சாதாரணமாகக் கண்ணில் படாத அந்த வித்தியாசத்தைச் சமச்சீரான டிசைன் ஊருக்கே காட்டிக்கொடுக்கும். தண்டோடு ஏறும் கொடி, மாறி மாறி விரியும் இலைகள், ஒரு தோளிலிருந்து சரிந்து இறங்கும் பூங்கொத்து, பறந்து சிதறும் பறவைகள் போன்றவை உடம்பின் வளைவோடு இசைந்து போய்விடும். தோள்பட்டை எலும்பின் மேல் பட்டாம்பூச்சி போடுகிறவர்கள், கையைத் தூக்கும்போதும் முன்னால் நீட்டும்போதும் அந்த இடம் எவ்வளவு நகர்கிறது என்று போட்டோ எடுத்துப் பாருங்கள். சின்ன டிசைன்தான் வேண்டுமென்றால் பிடரியோ தோள்பட்டையின் ஓரமோ பொருத்தம். பரந்த முதுகின் நடுவே விரலளவு டாட்டூ அநாதையாகத் தெரியும்.

தண்டு நெடுக எழுத்து வேண்டுமென்றால், கண்ணாடியில் பார்த்துச் சரிபார்க்காதீர்கள், இடவலம் மாறித் தெரிந்து குழப்பும். போட்டோ எடுத்து, அந்த வாசகத்தை முன்பே அறியாத ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நுணுக்கமான கோடுகள் ஆண்டுகள் போகப் போகத் தடிக்கும், எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆகவே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மை மாநிறத்திலும் அதற்கு மேல் அடர்ந்த நிறத்திலும் ஆறியபின் மங்கி மஞ்சளடித்துவிடும், அல்லது காணாமலே போய்விடும். எந்த ஆர்டிஸ்டிடமும் புதிதாகப் போட்ட படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆறிய டாட்டூவின் படத்தைக் கேளுங்கள், அதுவும் உங்கள் தோல் நிறத்தில்.

கீழ்முதுகில் போட்டால் பிரசவத்தின்போது வலி குறைக்கக் கீழ்முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் போட மாட்டார்கள் என்று ஒரு பயம் சுற்றுகிறது. நன்றாக ஆறிய டாட்டூ இருப்பதால் மட்டும் பொதுவாக மறுப்பதில்லை. மை இல்லாத இடமாகப் பார்த்துக் குத்தவே மயக்க மருந்து டாக்டர்கள் விரும்புவார்கள். அதனால் அந்த இடத்தில் முழுக்க மை அப்பாமல், நடுவில் வெறும் தோல் தெரிகிற மாதிரி டிசைன் வரைந்துகொள்வது நல்லது.

அடுத்து நான் போன ஸ்டூடியோவின் ஆர்டிஸ்ட் ஒரு பெண். என்னை நிற்கவைத்து, உட்காரவைத்து, குனியவைத்து முதுகைப் படம் எடுத்தார். ஒவ்வொரு முள்ளெலும்பாக விரலால் தொட்டு, மார்க்கரால் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சேர்த்தபோதுதான் என் முதுகுத்தண்டு வலப்பக்கம் மெல்லிசாக வளைவது எனக்கே தெரிந்தது. அந்த வளைவிலேயே கொடியின் தண்டை ஓடவிட்டார். மச்சம் இரண்டு இலைகளுக்கு நடுவே சுத்தமாகத் தனியே நிற்கிறது. ஒட்டிய ஸ்டென்சிலில் மேல் இலை முடிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறதென்று அவரே அழித்துவிட்டு மறுபடி ஒட்டினார். எனக்கு அங்கேயே பாதி பாரம் இறங்கிவிட்டது.

தழும்பு தடித்து வளரும் உடம்பா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, அலர்ஜி உண்டா என்று எல்லாம் கேட்டார். மேல்முதுகும் தோளும் கெலாய்டு என்னும் தடித்து வளரும் தழும்பு எளிதாக வரும் இடங்கள். குடும்பத்தில் யாருக்காவது அப்படித் தழும்பு இருந்தால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஊசிப் பாக்கெட்டை என் எதிரில்தான் பிரித்தார், காலாவதித் தேதியையும் காட்டினார். இலைகளுக்கு நிழல் கொடுக்கும் சாம்பல் மையைப் பற்றி நானே கேட்டேன். 2011-12ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பகுதியில், தயாரிப்பு நிலையிலேயே காய்ச்சி வடித்த நீர் கலந்து விற்ற சாம்பல் மையால் பலருக்கு மைக்கோபாக்டீரியா என்னும் கிருமியால் தோலில் தொற்று வந்தது. காய்ச்சி வடித்த நீர் என்பதாலேயே அது கிருமி நீக்கியது ஆகிவிடாது. குழாய்த் தண்ணீரில் மையைக் கலப்பவரைப் பார்த்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

மரத்துப்போகும் கிரீமை முதுகு முழுக்கத் தடவி பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு போ என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். செய்யவில்லை. லிடோகெய்ன் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்து 4 சதவீதத்துக்கு மேல் உள்ள கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கித் தடவ வேண்டாம், பெரிய பரப்பில் பூச வேண்டாம், பூசிய இடத்தைச் சுற்றிக் கட்ட வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 மார்ச்சில் எச்சரித்திருக்கிறது. மருந்து உடம்புக்குள் அதிகம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். முதுகு எவ்வளவு பெரிய பரப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

வலி? தண்டின் இருபக்கச் சதையில் தாங்கிக்கொள்ளலாம். எலும்பின் மேல் ஊசி ஓடும்போது அதிர்வு பல் வரைக்கும் ஏறுகிறது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தும்மலோ இருமலோ வந்தால் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

போட்டு முடித்ததும் மேலே ஒட்டும் ஒளி ஊடுருவும் ஃபிலிம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளே அரிப்பு. அக்காவைப் பார்க்கச் சொன்னேன். டாட்டூ இருந்த இடம் நன்றாகவே இருந்தது. ஃபிலிம் ஒட்டியிருந்த நீள்சதுரத்தின் ஓரம் மட்டும் ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி சிவந்து, பொரிப்பொரியாக இருந்தது. பசைதான் காரணம் என்று ஆர்டிஸ்ட் படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, தோலை ஒட்டினாற்போல் மெதுவாக இழுத்து எடுத்தோம். உங்களுக்கு ஃபிலிம் ஒட்டப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே ஒரு துண்டு வாங்கி முன்கையில் ஒட்டிப் பாருங்கள்.

கைக்கு எட்டாத இடத்தைக் கழுவ ஆள் வேண்டும், இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. அக்கா தினமும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாசனை இல்லாத சோப்பில் முதுகைக் கழுவி, ஒற்றித் துடைத்து, லோஷனைத் துளியூண்டு தடவிவிட்டாள். "அசையாதேடி" என்று அதட்டல் வேறு. தனியாக இருப்பவர்கள் தோள் வழியாகத் தண்ணீரை வழியவிட்டுக் கழுவலாம், முதுகு தேய்க்கும் பிரஷ் பக்கமே போக வேண்டாம். தூங்கும்போது படுக்கை விரிப்பு ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் தண்ணீர் விட்டு நனைத்து எடுங்கள். முதுகில் மாட்டும் பை, நீச்சல், நேர் வெயில் எல்லாவற்றுக்கும் சில வாரம் விடுமுறை. சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ ஆர்டிஸ்டிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

பிராவின் பட்டை குறுக்கே போகும் இடம்தான் கடைசித் தலைவலி. எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் வேலைக்குப் போகும்போது உரசி, அந்த வரிசையில் ஒரு இலையின் பொருக்கு முன்னாலேயே பெயர்ந்து மை வெளிறிவிட்டது. ஸ்டென்சில் ஒட்டும் நாளிலேயே பட்டை பதியும் கோட்டை ஆர்டிஸ்டிடம் காட்டிவிடுங்கள், நுணுக்கமான வேலையை அந்தக் கோட்டில் வைக்காமல் தள்ளி வைக்கலாம். தோல் முழுக்க ஆறட்டும் என்று காத்திருந்து டச்-அப்புக்குப் போனேன். தனியாகக் காசு வாங்காமலே அந்த இலையை நிரப்பிக் கொடுத்தார், அட்வான்ஸ் ரசீதிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. நீங்களும் பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: டச்-அப் சேர்த்தியா, ஸ்டென்சில் சரியில்லை என்று நான் எழுந்து வந்தால் அட்வான்ஸ் என்ன ஆகும்.