30 விநாடி

மும்பையில் திரைப்படப் பட்டப்படிப்பு, இரண்டாம் ஆண்டு. இந்த முறை பயிற்சிப் படத்தைத் தாராவியிலேயே எடுத்தேன், இட்லி வியாபாரம் செய்யும் பெரியம்மா வீட்டில். விடியற்காலை 3 மணிக்கே அங்கே அடுப்பு பற்றிவிடும்.

கேமராவில் நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் திறந்திருப்பது 1/50 விநாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த ஷட்டர் வேகத்தில் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்காது. சரி, இதெல்லாம் வகுப்பில் படித்ததுதான். என்னை அசத்தியது ஒலி. ஷூட்டிங் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் பேசாமல், அசையாமல் நிற்க, அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு 30 விநாடி பதிவு செய்வோம். ரூம் டோன் என்று பெயர். எடிட்டிங்கில் வசனங்களை வெட்டும்போது நடுவில் விழும் வெறுமையை நிரப்புவது அதுதான். அது இல்லையென்றால் வெட்டிய இடம் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

"பெரியம்மா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றேன். மாவுக் கரண்டியோடு அப்படியே நின்றார். ஹெட்ஃபோனில் இட்லிக் கொப்பரையின் ஆவி, சந்தில் யாரோ குடம் வைக்கும் சத்தம், தூரத்தில் லோக்கல் ரயில். நான் வளர்ந்த வீடு. இவ்வளவு கவனமாக ஒருநாளும் கேட்டதில்லை.

"முடிஞ்சுதாப்பா?" என்று அவர் கேட்டபோது ரெக்கார்டரில் 2 நிமிடம் ஓடியிருந்தது.