நேர்ச் சாலையில் தெரிந்த கோணல்

"அப்பா, ரோடு நேராத்தானே போகுது, நீங்க எதுக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பியே வெச்சிருக்கீங்க?" என்று பின்னிருக்கையிலிருந்து மகன் கேட்டபோதுதான் என் பார்வை சாலையிலிருந்து இறங்கி ஸ்டீயரிங்கின் நடுவில் இருந்த கம்பெனி முத்திரைக்கு வந்தது. வண்டி தடத்தின் நடுவே ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. முத்திரை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கு முந்தைய வாரம், பனி உருகிய நீர் நிறைந்து தரையோடு தரையாகத் தெரிந்த ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. அந்த ஒரு அடியிலேயே அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணங்களின் ஒழுங்கு, போயிருந்தது.

குழிகளைப் பார்த்துப் பயப்படும் ஊரிலிருந்து நாம் வரவில்லை. புலம்பெயர்ந்த நாட்டில் சாலையெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நம்பி வந்தவர்களுக்கு, குளிர்காலம் முடியும் பருவம் நல்ல பாடம் நடத்தும். விரிசல்களுக்குள் இறங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து தாரை உயர்த்துகிறது. உருகியதும் அடியில் வெற்றிடம் விழுகிறது. அதன்மேல் லாரிகள் போனால் மேற்பரப்பு உடைந்து குழியாகிறது. நம் ஊரில் மழை செய்யும் வேலையை இங்கே பனி செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஊரில் வண்டி ஓட்டிய காலத்தில் என் கைகள் ஸ்டீயரிங்கில் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருந்ததில்லை. எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி, திடீரென்று திரும்பும் ஆட்டோவுக்கு விலகி, நடுச்சாலையில் படுத்திருக்கும் மாட்டைச் சுற்றிக்கொண்டு போகும் வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கை அசைந்துகொண்டே இருக்கும்போது, அந்த அசைவில் எவ்வளவு சாலைக்காக, எவ்வளவு வண்டியின் கோளாறுக்காக என்று பிரித்துப் பார்க்க முடியாது. இங்கே நெடுஞ்சாலை அடிவானம் வரை நீளும். நீண்ட நேரம் திருப்பமே வராது. சக்கரத்தில் கால் டிகிரி பிசகினாலும் அது ஓட்டுபவரின் மணிக்கட்டில் வலியாக வந்து நிற்கும்.

பிசகக்கூடிய கோணங்கள் மூன்று. சக்கரத்தை முன்னாலிருந்து பார்த்தால் அதன் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். அது அதிகமானால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும். சக்கரம் எந்த அச்சைப் பற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு, பக்கவாட்டிலிருந்து பார்த்தால், முன்னோ பின்னோ சாய்ந்திருப்பது கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது இதன் தயவால். இது டயரை அவ்வளவாகத் தேய்க்காது, ஆனால் இரு பக்கமும் வேறுபட்டால் வண்டியை ஒரு பக்கமாக இழுக்கும். மூன்றாவது டோ. மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்பது. டயரைத் தின்பதில் இதற்கு இணை கிடையாது. 650 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒன்றின் முன்விளிம்பும் பின்விளிம்பும் வெறும் 3 மில்லிமீட்டர் மாறி நின்றால், கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது நாலரை மீட்டர் பக்கவாட்டில் உரச வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த உரசலுக்கு ரப்பரும் எரிபொருளும் சேர்ந்து செலவாகின்றன.

இதையெல்லாம் எனக்குப் படம் வரைந்து காட்டியவர் யாருமில்லை. அப்பாவின் பழைய காரைக் கவனித்துக்கொண்ட மெக்கானிக் அண்ணன், பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை டயரின் பக்கவாட்டில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அளவுகோலை வைத்துப் பார்ப்பார். நூல் கட்டும் முன்பே பாதி முடிவுக்கு வந்திருப்பார். உள்ளங்கையை டயரின் மேல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குத் தடவிக்கொண்டு போவார். பிறகு அதே பாதையில் திரும்பக் கொண்டுவருவார். போகும்போது வழுக்கி, வரும்போது ரம்பப் பல்லைப் போலக் கை இடறினால் டோ தவறியிருக்கிறது என்று பொருள். "நீயும் தொட்டுப் பார் தம்பி" என்று என் கையைப் பிடித்து வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. புதிதாகக் கைக்கு வந்த எந்த டயரையும் இரு திசையிலும் தடவிப் பார்க்கும் பழக்கம் அன்று ஒட்டிக்கொண்டது. வாகன நிறுத்துமிடத்தில் குனிந்து நின்று டயரைத் தடவும் என்னைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்ன நினைக்கிறார்களோ, கேட்கத் துணிந்ததில்லை.

இங்குள்ள ஒர்க்ஷாப்பில் டயரை யாரும் தடவவில்லை. சக்கரங்களில் பிரதிபலிக்கும் தகடுகளை மாட்டி, வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டினார்கள். எதிரே நின்ற கேமராக்கள் கோணங்களைப் படித்துத் திரையில் சிவப்பும் பச்சையுமாகக் காட்டின. வேலை இவ்வளவு எளிதா என்று வியந்துகொண்டிருந்தபோதுதான் அந்த இளைஞர் வந்து, ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட் என்ற தண்டின் முனை ஒன்று ஆட்டம் கண்டிருப்பதாகவும் அதை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வதற்கில்லை என்றும் மிகுந்த மரியாதையோடு சொன்னார். உதிரிபாகம் மறுநாள்தான் வருமாம். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலை இன்னும் மறக்கவில்லை. ஊராக இருந்தால் "அண்ணே, இப்போதைக்கு எதாவது பண்ணி விடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவரும் தலையைச் சொறிந்துகொண்டே ஏதோ ஒன்று செய்திருப்பார். இங்கே அந்த ஒரு வார்த்தைக்கு இடமே இல்லை. அவரவர் வேலையில் அவரவர் நேர்மையாக இருக்கும் இடத்தில், வெளியூர்க்காரன் கெஞ்சுவதற்குக்கூட ஆளில்லாமல் தனித்துப் போகிறான். காத்திருப்பு அறையில் ஒரு பழைய வாகன இதழை இரண்டாம் முறையாகப் புரட்டியபோது கோபம் டை ராட்டைத் தாண்டி, வானிலையைத் தாண்டி, விமானம் ஏறிய நாள் வரை போய்விட்டது.

அந்த இளைஞர் சொன்னதுதான் சரி. ஆட்டம் கண்ட இணைப்பை வைத்துக்கொண்டு கோணத்தைத் திருத்தினால், திரையில் பச்சை காட்டும். வெளியே வந்து முதல் குழியில் இறங்கியதும் பழையபடி ஆகிவிடும். டை ராட், பால் ஜாயின்ட், கன்ட்ரோல் ஆர்மின் புஷ் என்று சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பாகங்களில் எது மாறினாலும் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். எது தேய்ந்திருந்தாலும் அதை மாற்றும் வரை பார்க்கக் கூடாது. மெக்கானிக் அண்ணனும் இதையேதான் சொல்லியிருக்கிறார்: "ஆட்டத்தை வெச்சுக்கிட்டு பாத்தா நிக்காது தம்பி." நாங்கள்தான் அவரைச் செய்யவிட்டதில்லை.

எப்போது காட்ட வேண்டும் என்று புதிதாக வந்த நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் இப்போது இங்கத்தியவனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பதிலும் சொல்கிறேன். நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சாய்ந்திருந்தால், டயரின் ஒரு விளிம்பு முன்கூட்டியே மொட்டையாகியிருந்தால், நடைபாதை விளிம்பிலோ குழியிலோ பலமாக மோதியிருந்தால், புது டயர் போட்டிருந்தால் காட்டிவிடுவது நல்லது. ஆண்டுக்கொருமுறை பார்ப்பதும் நல்ல பழக்கம்தான், ஆனால் மோதிய மறுநாளே ஆண்டுக் கணக்கு செல்லாது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் பேலன்சிங் குறை, அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லாதது. அதற்காக அலைன்மென்ட் செய்தால் நடுக்கம் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முதலில் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள், பிறகு பிடித்தபடி நிற்கும் பிரேக்கைச் சந்தேகப்படுங்கள், முன்டயர்களை இடம் மாற்றியபின் இழுப்பும் திசை மாறினால் குற்றவாளி டயர்தான். உள்விளிம்புத் தேய்மானம்தான் மகா வஞ்சகம்: வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போலிருக்கும். ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்து வைத்துவிட்டு, இறங்கிக் குனிந்து பார்க்க வேண்டும். பின்சக்கரங்களை அளக்காமல் முன்சக்கரங்களை மட்டும் திருத்தித் தந்தாலும் ஏற்காதீர்கள். பின்சக்கரங்கள் கோணலாக நின்றால் வண்டி நண்டு போலச் சாய்ந்து ஓடும், அதைக் கணக்கில் எடுக்காமல் முன்னால் என்ன திருத்தினாலும் ஸ்டீயரிங் நேராகாது. திருத்துவதற்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறி, திரும்புவதற்கு இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போடுகிறேன். வறண்ட கண்ணாடியில் அது கரகரவென்று ஓடும்போது, வலப்பக்க இருக்கையில் அமர்ந்து ஓட்டிய காலம் கையை விட்டு இன்னும் போகவில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் பிடிபட நாளாயிற்று. மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் சற்றே உயர்த்தி, ஓரத்தை நோக்கி ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது மீட்டருக்கு 2 சென்டிமீட்டர், சரித்துப் போடுகிறார்கள். அதனால் எந்தக் கோளாறும் இல்லாத வண்டிகூடக் கையை லேசாகத் தளர்த்தினால் ஓரத்தை நோக்கி மெல்ல நகரும். அதை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துக் காசைக் கரைப்பவர்கள் உண்டு. சமதளமான, ஆளில்லாத சாலையில், கையை ஸ்டீயரிங்கின் அருகிலேயே வைத்துக்கொண்டு பார்த்தால்தான் உண்மை தெரியும். புதிய வண்டிகளில் தடத்தைக் காக்கும் உதவி வசதியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஓசையில்லாமல் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே வரும், டயரும் ஓசையில்லாமல் தேய்ந்துகொண்டே வரும்.

வேலை முடிந்த அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரை நேராக நிற்கிறது, தாளில் எல்லாம் பச்சை, எப்போதாவது லேசாக வலப்பக்கம் நகர்கிறது, அது சாலையின் சரிவு என்றேன்.

"வலப்பக்கமா?" என்றார் அப்பா. "வண்டின்னா இடப்பக்கம்தானேப்பா லேசா சாயணும். அந்தப் பையன் எதையோ மாத்திப் பூட்டியிருக்கான், நாளைக்கே போய்க் கேளு."

இங்கே சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஓரமும் அந்தப் பக்கம்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, எதற்கும் ஒரு நூலைக் கட்டிப் பார்த்துவிடச் சொன்னார்.