பர்வீன்னா கார்த்திகை

ஸ்கூல்ல என் பக்கத்துல உக்காந்திருந்த பர்வீன்கிட்ட ஒரு தடவை உன் பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். "நட்சத்திரம்னு வாப்பா சொன்னாங்க"ன்னா, அவ்ளோதான். எந்த நட்சத்திரம்னு எனக்குத் தெரியவே பல வருஷம் ஆச்சு. நம்ம கார்த்திகைங்க அது! சங்கப் பாட்டுல அறுமீன்னு வருதே, அதே கூட்டம். அப்போ எங்க கிளாஸ்ல இருந்த கார்த்திகாவுக்கும் பர்வீனுக்கும் ஒரே பேரு, மூணு வருஷம் ஒரே பெஞ்சுல உக்காந்தும் ரெண்டு பேருக்கும் அது தெரியல, இப்ப நெனச்சாலும் சிலிர்க்குது.

நிறைய பேர் இதை அரபுப் பேருன்னு நெனைக்கிறாங்க. இல்ல, பாரசீகம். பல், பழம்னு சொல்றப்போ வர்ற 'ப' அரபியில கிடையவே கிடையாது. இதே கூட்டத்துக்கு அரபியில சுரையான்னு பேரு, அதையும் பொண்ணுங்களுக்கு வைக்கிறாங்க. பர்வீனோட பழைய வடிவம் இஸ்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, பார்சிக்காரங்களோட வேதமான அவெஸ்தாவுல இருக்கு. பாரசீகக் கவிஞர்கள் இந்தக் கூட்டத்தை ஒரு கொத்துன்னுதான் பாடுவாங்க, ஹாஃபிஸ் ஒரு பாட்டுல வானத்தைப் பார்த்து ரொம்பப் பெருமை பீத்திக்காதே, காதல்ல உன் நிலாவோட வெளைச்சல் ஒரு பார்லி மணி, பர்வீன் கொத்து ரெண்டு மணி, அவ்ளோதான் பெறும்ங்கிறார்.

ஆனா இந்தப் பேருன்னா ஈரான்ல மொதல்ல ஞாபகம் வர்றது பர்வீன் எத்தெசாமி. 1907ல தப்ரீஸ்ல பொறந்தவங்க, சின்ன வயசுலயே கவிதை எழுத ஆரம்பிச்சாங்க, அப்பாவே இலக்கியக்காரர்ங்கறதால வீட்டுலயே நல்லா சொல்லிக் குடுத்தார். மொத தொகுப்பு 1935ல வந்துச்சு. ஊசிக்கும் நூலுக்கும் சண்டை, பூண்டு வெங்காயத்தைக் குத்திக் காட்டுறதுன்னு வீட்டுச் சாமான்களைப் பேச வச்சு ஏழைங்க படுற பாட்டை எழுதினவங்க, எனக்கு அவங்களைப் பிடிச்சதே அதனாலதான். 1941ல டைஃபாய்டு வந்து போய்ட்டாங்க, 34 வயசு.

தன் கல்லறைக்குன்னு அவங்களே ஒரு பாட்டு எழுதி வச்சிருந்தாங்க. கும் நகரத்துல அவங்க கல்லு மேல இருக்கு. கருப்பு மண்ணைத் தலகாணியா வச்சுப் படுத்திருக்கிற இவ, இலக்கிய வானத்தோட நட்சத்திரம் பர்வீன்னு ஆரம்பிக்குது.